108 புள்ளி, பிரிவில் முதலிடம், பிறகு சொந்த அரங்கில் இரண்டு தரம் 6-1: லீஃப்ஸுக்கு எங்கே பிழை வந்தது?

நீலவெள்ளை எழுதியது:

என்.எச்.எல் ஐஸ் ஹொக்கியின் 2024-25 சீசன் முடிந்து, எங்கள் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸின் நட்சத்திரம் மார்னரும் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். இனியாவது ஆறுதலாக இருந்து கதைக்கலாம் என்று இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

கணக்கு இதுதான். 52 வெற்றி, 26 தோல்வி, கூடுதல் நேரத்தில் 4 தோல்வி. மொத்தம் 108 புள்ளி, அட்லாண்டிக் பிரிவில் முதலிடம். 82 ஆட்டமும் முழுதாக நடந்த சீசனில் ரொறன்ரோ பிரிவுப் பட்டம் எடுத்தது 1999-2000க்குப் பிறகு இப்போதுதான். (2020-21இல் எடுத்தது கனடா அணிகள் மட்டும் மோதிய குறுகிய சீசன், அதைச் சேர்க்கவில்லை.) கிரேக் பெரூபி பயிற்சியாளராக வந்த முதல் வருடத்திலேயே இது நடந்தது. பிளே-ஆஃபின் (சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றுத் தொடர்களின்) முதல் சுற்றில் ஒட்டாவாவை ஆறு ஆட்டத்தில் அனுப்பினோம். இரண்டாம் சுற்றில் புளோரிடாவோடு முதல் இரண்டையும் 5-4, 4-3 என்று வென்றோம். மிச்ச ஐந்தில் நாலு தோல்வி. அதில் ஐந்தாவதும் ஏழாவதும் எங்கள் அரங்கில், இரண்டும் 6-1.

"துணிவு இல்லை", "பெரிய ஆட்டம் என்றால் ஒளித்துவிடுவார்கள்" என்று சொல்லி எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. துணிவு இல்லாத அணி 6-1 தோற்ற இரண்டாம் நாள் புளோரிடாவுக்கே போய் 2-0 என்று வென்று வராது. ஐஸுக்கு மேலே என்ன உடைந்தது? எங்கள் கோலி (கோல் காப்பவர்) ஸ்டோலர்ஸ் காயப்படாவிட்டால் வேறு மாதிரி முடிந்திருக்குமா? சம்பள வரம்பு (ஒரு அணி தன் ஆட்டக்காரருக்குக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகை) இதில் எவ்வளவு தூரம் காரணம்? ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்ப்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

இடதுபக்க_டிஃபென்ஸ் எழுதியது:

உடைந்தது ஒரே இடம்தான்: சொந்த நீலக்கோட்டை, அதாவது எங்கள் தற்காப்பு எல்லையின் கோட்டைத் தாண்டிப் பக்கை (ரப்பர் வட்டை) வெளியே கொண்டுபோவது. மற்ற எல்லாம் அதிலிருந்து வந்தவை.

முதலில் பெரூபியின் முறையைப் பார்ப்போம். எதிரணி எல்லைக்குள் பக்கைப் போடு, துரத்திப் பிடி, போர்டோடு (ஐஸைச் சுற்றியுள்ள சுவரோடு) மல்லுக்கட்டு, ஆபத்தான குறுக்குப் பாஸ் வேண்டாம், தற்காப்பில் ஐந்து பேரும் நெட்டுக்குப் பக்கத்தில் நில். 82 ஆட்டச் சீசனுக்கு இது நல்ல முறை. எதிரணி களைத்துப்போய் வரும் இரவுகள் நிறைய இருக்கும், கோலியும் நன்றாக நிற்பார், ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றுகொண்டே போகலாம். ஆனால் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் ஷாட் பங்கு எங்களுக்குப் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. அதாவது பக் எதிரணியிடம் கூடுதலாக இருந்தது. நாங்கள் அதைத் தாங்கிக்கொண்டோம்.

புளோரிடா அதைத் தாங்க விடவில்லை. அவர்களுடைய ஃபோர்செக்கை (எங்கள் எல்லைக்குள்ளேயே வந்து நெருக்குவதை) வடிவாகப் பாருங்கள். எங்கள் மூலைக்குள் பக் விழுந்ததும் முதல் ஆள் நேராக ஓடி வரமாட்டார். ஐஸின் நடுப்பக்கத்திலிருந்து வளைந்து வருவார். அப்படி வந்தால் பக் எடுக்கிற எங்கள் ஆளுக்கு நடுவால் பாஸ் கொடுக்கிற வழி அடைபட்டுவிடும், போர்டுப் பக்கம் மட்டும் திறந்திருக்கும். போர்டோடு எங்கள் விங்கர் (ஓரத்து முன்வரிசைக்காரர்) நிற்பார். அவருடைய முதுகு ஐஸுக்கு, முகம் போர்டுக்கு, பக் வருவது ஸ்கேட்டுக்குள். அந்த நேரம் பார்த்துப் புளோரிடாவின் டிஃபென்ஸ்காரர் நீலக்கோட்டிலிருந்து இறங்கி அவரைச் சுவரோடு சேர்த்து அமத்துவார். டிஃபென்ஸ்காரர் விட்டு வந்த இடத்தை அவர்களுடைய மூன்றாவது முன்வரிசைக்காரர் மேலே போய் நிரப்புவார். ஆகவே அந்தத் துணிகரத்தால் அவர்களுக்கு நட்டமில்லை. பக் திரும்பவும் எங்கள் எல்லைக்குள்ளேயே நிற்கும்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பக் எடுக்கப் போகிற டிஃபென்ஸ்காரர் போகிற வழியிலேயே இரண்டு தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டும். அழுத்தம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால், நெட்டுக்குப் பின்னால் எதிர்ப் பக்கம் நிற்கும் கூட்டாளிக்குத் திருப்பி விடலாம். சென்டர் (நடு முன்வரிசைக்காரர்) மேலே ஓடிவிடாமல், பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்கும் ஃபேஸ்ஆஃப் வட்டத்தின் கீழ்க்கோடு வரை இறங்கி வந்து, ஏழெட்டு அடியில் ஒரு சின்னப் பாஸுக்கு நிற்க வேண்டும். முதல் இரண்டு ஆட்டத்தில் இது நடந்தது. மூன்றாவதில் மத்தியூ நைஸ் 23ஆவது செக்கனிலேயே கோல் போட்டு, 3-1 வரைக்கும் முன்னால் போனோம். அதற்குப் பிறகு சென்டர்கள் இறங்குவது குறைந்து, பக்கைப் போர்டோடு அடித்து வெளியே தள்ளுவதே பழக்கமாகிவிட்டது. அந்த ஆட்டம் கூடுதல் நேரத்தில் 5-4 என்று போனது. புளோரிடாவின் மார்ஷாண்ட் அடித்தது எங்கள் ரைலியில் பட்டு உள்ளே போனது.

இன்னொரு விஷயம், கையின் பக்கம். எங்கள் டிஃபென்ஸ் சோடிகளில் மெக்கேப் இடக்கை ஸ்டிக், டானெவ் வலக்கை. ரைலி இடக்கை, கார்லோ வலக்கை. மூன்றாம் சோடியில் பெனுவா, எக்மன்-லார்சன் இரண்டு பேருமே இடக்கை, அதில் எக்மன்-லார்சன் வலது பக்கம் விளையாடினார். வலது மூலையில் இடக்கைக்காரர் பக் எடுத்தால் போர்டோடு வரும் பக்கைப் பின்கையால் தடுக்க வேண்டும். பின்கையிலிருந்து உறுதியான பாஸ் போகாது. உடம்பை முழுதாகத் திருப்பி முன்கைக்குக் கொண்டுவர அரைச் செக்கன் போகும். புளோரிடாவுக்கு அந்த அரைச் செக்கன் போதும்.

ஏழாம் ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். புளோரிடாவுக்கு ஜோன்ஸ், லண்டெல், காட்ஜோவிச் என்று மூன்று கோல். இரண்டாம் பாகத்தில் பக்கம் மாறுவதால் எங்கள் பெஞ்ச் எங்கள் நெட்டிலிருந்து தூரத்தில் இருக்கும். முதல் பாகத்திலும் மூன்றாம் பாகத்திலும் டிஃபென்ஸ்காரர் நாலு தள்ளுத் தள்ளினால் பெஞ்சுக்குப் போய்விடலாம். இரண்டாவதில் நடுச் சிவப்புக்கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். பக் வெளியே போகாவிட்டால் ஆள் மாற்ற முடியாது. 45 செக்கனில் முடிய வேண்டிய ஷிஃப்ட் (ஒருவர் ஒரு தரம் ஐஸில் நிற்கும் நேரம்) ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கால் நின்றுவிடும், ஸ்டிக் ஐஸிலிருந்து தூக்கிவிடும். ஒவ்வொரு கோலும் இதனால்தான் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடத்தின் களைப்பு இங்கேயிருந்து வந்தது.

வடக்கு_முனை எழுதியது:

ஸ்டோலர்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். 34 ஆட்டம், தடுப்பு விகிதம் .926. அது லீக்கிலேயே முதலிடம். டிசம்பரில் முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து பெப்ரவரியில்தான் திரும்பினார். இடையில் மற்றக் கோலி வோல் தாங்கிக்கொண்டார், அவருக்கு 42 ஆட்டம், .909. இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் போட்டதுதான் இந்தச் சீசனின் மிகச் சரியான முடிவு என்பேன்.

புளோரிடாவோடு முதலாம் ஆட்டத்தில் சாம் பென்னட்டின் முழங்கை ஸ்டோலர்ஸின் தலையில் பட்டது. பெனால்டி கொடுக்கவில்லை, தடையும் வரவில்லை. இதைப் பற்றிக் கோபப்பட எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. நெட்டுக்கு முன்னாலுள்ள நீல அரைவட்டத்துக்குள் கோலியின் தலையில் தட்டினால் ஒன்றும் நடக்காது என்றால் அந்த நீல நிறம் எதற்கு?

ஆனால் தொடர் தோற்றதற்குக் காரணம் கோலி இல்லை. நாலாம் ஆட்டத்திலிருந்து ஏழாம் ஆட்டம் வரை ரொறன்ரோ போட்ட கோல்கள்: 0, 1, 2, 1. நாலு ஆட்டத்தில் நாலு கோல். யார் போட்டது? ஐந்தாவதில் 6-0 ஆன பிறகு ராபர்ட்சன், ஆறாவதில் மத்தியூஸும் பாசியொரெட்டியும், ஏழாவதில் டோமி. அதிகச் சம்பளம் வாங்கும் நாலு பேரில் மத்தியூஸ் ஒருவர்தான் இந்தப் பட்டியலில் இருக்கிறார், அதுவும் ஒரே ஒரு தரம். வோல் ஆறாம் ஆட்டத்தில் 22 ஷாட்டையும் தடுத்து ஒரு கோலும் விடவில்லை. முன்னால் இருப்பவர்கள் ஒன்றோ பூச்சியமோ போட்டால் எந்தக் கோலி நின்றும் வெல்ல முடியாது.

இரண்டு_நிமிட_பெனால்டி எழுதியது:

வடக்கு_முனை சொன்ன கோல் பட்டியல் சரி. ஏன் போட முடியவில்லை என்பதற்கு இடதுபக்க_டிஃபென்ஸ் அண்ணை சொன்னது பாதி. மிச்சப் பாதி பவர் பிளே, அதாவது எதிரணியில் ஒருவர் பெனால்டியில் வெளியே இருக்கும் நேரம்.

சீசன் நடுவில் பெரூபி முதல் பவர் பிளே அணியில் டிஃபென்ஸ்காரரே இல்லாமல் ஐந்து முன்வரிசைக்காரரைப் போட்டார்: மத்தியூஸ், நைலாண்டர், மார்னர், டவாரஸ், நைஸ். மேலே நீலக்கோட்டில் மார்னர், இரண்டு பக்க வட்டத்தில் மத்தியூஸும் நைலாண்டரும், நடுவில் டவாரஸ், கோலிக்கு முன்னால் நைஸ். எதிரணி நாலு பேரும் உள்ளுக்குள் ஒடுங்கி நின்றால் இந்த அமைப்புப் பிரமாதம். யாரை மூடினாலும் ஒரு ஆள் மிஞ்சுவார்.

பிளே-ஆஃபில் எதிரணி ஒடுங்கி நிற்பதில்லை. மேலே வந்து மார்னரின் ஸ்டிக்கை நெருக்குகிறார்கள். பக் பறிபோனால் கடைசி ஆள் ஒரு முன்வரிசைக்காரர். அவருக்குப் பின்னோக்கி ஸ்கேட் பண்ணித் தற்காக்கிற பழக்கம் குறைவு. ஒட்டாவாத் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் அவர்களுடைய கோசன்ஸ் ஆள் குறைவாக இருக்கும்போதே கோல் போட்டது ஞாபகமிருக்கும். அந்த ஆட்டம் 4-0 தோல்வி. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் மேலே பயந்து பயந்து பாஸ் கொடுத்தார்கள். வட்டத்துக்குப் போகிற பாஸ் அரைச் செக்கன் பிந்தினால் மத்தியூஸ் அடிப்பதற்குள் கோலி நகர்ந்துவிடுவார்.

எதிரணி மேலே ஏறி வந்தால் பக்கை நெட்டுக்குப் பின்னால் இறக்கி, அங்கிருந்து டவாரஸுக்கு ஒரே தொடுகையில் கொடுக்க வேண்டும். மேலே ஏறிய இரண்டு பேரும் அப்போது முதுகு காட்டி நிற்பார்கள். இதைச் சீசனில் செய்தார்கள். புளோரிடாவோடு போதுமான அளவு செய்யவில்லை.

நீலவெள்ளை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஐந்தாம் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எக்பிளாட், குலிகோவ், மிக்கோலா என்று மூன்று டிஃபென்ஸ்காரர் கோல் போட்டிருக்கிறார்கள். இதுவும் நீங்கள் சொன்ன பிரச்சினையோடு சேர்ந்ததா?

இடதுபக்க_டிஃபென்ஸ் எழுதியது:

ஓம், சேர்ந்ததுதான். போர்டோடு பக்கை வெளியே தள்ளுகிற அணியின் விங்கர்கள் கீழேயே மாட்டுப்பட்டு நிற்பார்கள். புளோரிடாவின் டிஃபென்ஸ்காரரைப் பார்க்க வேண்டியது அந்த விங்கர்கள்தான். அவர்கள் கீழே நின்றால் மேலே இருப்பவருக்கு நடந்து வந்து அடிக்க நேரம் கிடைக்கும். தற்காப்பில் விங்கர் நிற்க வேண்டிய இடம் பக்குக்கும் நீலக்கோட்டு ஆளுக்கும் நடுவில், ஷாட் போகிற பாதையில். பக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் முதுகுக்குப் பின்னால் ஆள் இறங்கிவிடுவார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சம்பள வரம்பு பற்றி ஒருவரும் எழுதவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். 2024-25இல் வரம்பு 88 மில்லியன் டொலர். மத்தியூஸ் 13.25, நைலாண்டர் 11.5, டவாரஸ் 11, மார்னர் 10.903. கூட்டினால் 46.65 மில்லியன், வரம்பில் 53%. மிச்சம் 41.35 மில்லியனை 23 பேர் பட்டியலின் மற்ற 19 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சராசரி 2.2 மில்லியன் வரும். ரைலிக்கு 7.5 போனால் இன்னும் குறையும்.

இந்தத் தொகைக்கு ஓரளவு நல்ல மூன்றாம் வரிசை அமைக்கலாம். புளோரிடாவின் மூன்றாம் வரிசை போல அமைக்க முடியாது. லுவோஸ்டாரினன், லண்டெல், மார்ஷாண்ட் என்ற அந்த வரிசைதான் எங்கள் கதையை முடித்தது. ஏழாம் ஆட்டத்தில் மூன்று பேரும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். எங்கள் பக்கம் பொபி மெக்மான் சீசனில் 20 கோல், பிளே-ஆஃபின் 13 ஆட்டத்தில் ஒன்றுமில்லை. அவர் நல்ல ஆட்டக்காரர், அந்த விலைக்கு அதிகமாகவே தந்தவர். முதல் இரண்டு வரிசையும் அடைபட்ட இரவில் அவரையே நம்பியிருக்க வேண்டி வந்ததுதான் பிழை.

மார்ச்சில் நடந்த ஆட்டக்காரர் வியாபாரத்தையும் சிலர் திட்டுகிறார்கள். பணக் கணக்கில் அது நன்றாகத்தான் செய்யப்பட்டது. விற்கிற அணி ஒரு ஆட்டக்காரரின் சம்பளத்தில் பாதி வரை தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. ஸ்கொட் லோட்டனின் 3 மில்லியனில் பாதியைப் பிலடெல்பியா வைத்துக்கொண்டது, எங்களுக்கு 1.5 மட்டும். பிராண்டன் கார்லோவின் 4.1இல் 15% பொஸ்டன் வைத்துக்கொண்டது, எங்களுக்கு 3.485. கார்லோவின் ஒப்பந்தம் 2026-27 வரை ஓடும், ஆகவே அந்தத் தள்ளுபடியும் அதுவரை கிடைக்கும். விலைதான் கூட. கார்லோவுக்கு இளம் சென்டர் மின்டனும் 2026 முதல் சுற்றுத் தேர்வும் (புது இளையவரைத் தெரிவுசெய்யும் உரிமை) போயின, லோட்டனுக்கு இளம் கிரெபென்கினும் 2027 முதல் சுற்றுத் தேர்வும் போயின. மலிவான சம்பளத்தில் மூன்றாம் வரிசையை நிரப்பக்கூடிய இளையவர்களைக் கொடுத்துவிட்டால், அந்த இடத்தைப் பிறகு சந்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

2025-26இல் வரம்பு 95.5 மில்லியன். மார்னர் எட்டு வருடத்துக்கு வருடம் 12 மில்லியன் என்று கையெழுத்திட்டு வேகாஸ் போனார், பதிலுக்கு நிக்கொலஸ் ரோய் வந்தார். டவாரஸ் ஏறக்குறைய 4.4க்கு இறங்கி வந்தார். ஒரு முன்னாள் கப்டன் 11இலிருந்து இந்த அளவுக்கு இறங்கியது பெரிய விஷயம், அந்த மனிதருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நைஸுக்கு 7.75. இப்போது மத்தியூஸ், நைலாண்டர், நைஸ், டவாரஸ் நாலு பேரும் சேர்ந்து சுமார் 36.9 மில்லியன், அதாவது 39%. மற்ற 19 பேருக்குச் சராசரி 3 மில்லியனைத் தாண்டுகிறது.

ஆனால் மார்னர் போனது நல்லது என்று கொண்டாடுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். 27 கோல், 75 அசிஸ்ட் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்), 102 புள்ளி. பெனால்டி நேரத்திலும் முதல் ஆளாக இறங்கினவர். ஏழாம் ஆட்டத்தில் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. அந்த 75 அசிஸ்டை மூன்று மில்லியன் ஆட்கள் நாலு பேரைக் கூட்டி நிரப்ப முடியாது என்பதும் உண்மை.

வடக்கு_முனை எழுதியது:

மத்தியூஸின் உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023-24இல் 69 கோல் போட்டவர், இந்த முறை 67 ஆட்டத்தில் 33. பயிற்சி முகாமிலேயே தொடங்கிய காயம், நவம்பரில் சிகிச்சைக்கு ஜெர்மனி வரை போய் வந்தார். அவருடைய ஷாட்டின் பலம் பக்கை உடம்புக்குள் இழுத்து, கோணத்தை மாற்றி, அதே அசைவில் விடுவதில் இருக்கிறது. அதற்கு மேலுடம்பு முழுதாகத் திரும்ப வேண்டும். டவாரஸின் 38உம் நைலாண்டரின் 45உம் இல்லாவிட்டால் இந்த 108 புள்ளி வந்திருக்காது. நைலாண்டருக்கு லீக்கில் இரண்டாம் இடம், ட்ரைசைட்டில் மட்டும்தான் கூட.

இடதுபக்க_டிஃபென்ஸ் எழுதியது:

தம்பி நீலவெள்ளை, திரும்பப் பார்ப்பது பற்றிக் கேட்டீர்கள். ஏழு ஆட்டத்தையும் பார்க்கத் தேவையில்லை. இரண்டாவது, ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களின் இரண்டாம் பாகம் மட்டும் போதும்.

ஒரு தாளில் நாலு நிரல் கீறுங்கள். எங்கள் எல்லைக்குள் ஒவ்வொரு முறை நாங்கள் பக் எடுக்கும்போதும் அது வெளியே போன விதத்துக்கு ஒரு கோடு போடுங்கள்: ஸ்கேட் பண்ணிக் கொண்டுபோனது, பாஸ் கொடுத்துப் போனது, சும்மா அடித்துத் தள்ளியது, போகவே இல்லை. முதல் இரண்டு நிரலும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தால் நாங்கள் விளையாடுகிறோம். மூன்றாவது நிரல் நிரம்பினால் அடுத்த இருபது செக்கனில் பக் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். நாலாவது நிரலில் ஒன்று விழும்போதெல்லாம் படத்தை நிறுத்தி எங்கள் சென்டர் எங்கே நிற்கிறார் என்று தேடுங்கள். அவர் வட்டத்துக்கு மேலே நின்றால் பக் எடுத்த ஆளில் பிழை சொல்லாதீர்கள்.

டிவி கமரா பக்கைத்தான் துரத்தும், தூரத்து விங்கர் படத்துக்கு வெளியே போய்விடுவார். அதனால் பாஸ் கொடுக்க ஆள் இருந்தாரா என்று சில நேரம் தெரியாது. கோல் போன பிறகு நெட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கோணம் காட்டுவார்கள், அதில் ஐந்து பேரும் தெரிவார்கள். அதை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்.

இரண்டு_நிமிட_பெனால்டி எழுதியது:

அதோடு கடிகாரத்தையும் எழுதுங்கள். மெக்கேப்-டானெவ் சோடி ஐஸுக்கு வந்த நேரம், இறங்கிய நேரம். இரண்டாம் பாகத்தில் 55 செக்கனைத் தாண்டிய ஷிஃப்ட் எத்தனை என்று எண்ணுங்கள். புதுச் சீசனில் வலக்கைக்காரர் யாரை மூன்றாம் சோடியில் போடுகிறார்கள் என்று பார்க்கும்போது இந்தத் தாள் கையில் இருந்தால் ஒப்பிடலாம்.

நீலவெள்ளை எழுதியது:

ஆறாம் ஆட்டத்தோடு தொடங்குகிறேன். இரண்டாம் பாகம் முடியும்வரை 0-0, ஒரு அணியும் கோல் போடவில்லை. நிரல் கணக்கை ஞாயிறு இரவு இங்கேயே போடுகிறேன், யாராவது ஐந்தாம் ஆட்டத்தை எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.